கையைப் பார்க்காதவர்கள்

1

முதலில் விதி. ஓட்டக்காரர் பத்திரமாக நிற்கும் மூலைக்குப் பேஸ் என்று பெயர். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஓட்டக்காரர்கள் நிற்கிறார்கள்; அவுட் ஆனவர்களின் எண்ணிக்கை இன்னும் இரண்டைத் தொடவில்லை. அந்த நிலையில் அடிக்கப்பட்ட பந்து உயரக் கிளம்பி, உள்வட்டத்தில் நிற்கும் தடுப்பாளர் ஒருவர் சிரமமில்லாமல் பிடிக்கக்கூடிய இடத்துக்கு இறங்குமானால், நடுவர் உடனே ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ என்று அறிவிக்க வேண்டும். அறிவித்ததுமே அடித்தவர் அவுட். அதற்குப் பிறகு பந்து பிடிபட்டாலும் நழுவினாலும் அந்தத் தீர்ப்பு மாறாது. அறிவிப்பை வாயால் சொல்வதோடு, வலக்கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தி ஆள்காட்டி விரலை வானத்தை நோக்கி நீட்டவும் வேண்டும்.

இது அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்து விதி. கும்மிடிப்பூண்டியில் காலைப் பேருந்தில் தொங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போகும் உங்களுக்கு இது எதற்கு என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இந்த விதிப்படி நான் கையைத் தூக்கினேன். அதற்காக, நான் இப்போது இருக்கும் அமெரிக்கச் சிற்றூரின் சிறுவர் ஆட்டக் குழு என் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காரணம் என்று அவர்கள் எழுதியது ஒரே வாக்கியம்: ‘நடுவரின் சைகை தெளிவாக இல்லை.’

பெயரை எடுத்ததுகூடப் போகட்டும். அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பும் ஒரு முறை படித்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில், வேறொருவர் பெயருக்கு எதிரே. ஆகவே குழுவுக்கு எழுதினேன்: என்னை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், அந்த வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பதில் வாங்கிய கதைதான் இது.

2

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகன் பிரபு ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வீடு வாங்கி, எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டான். என் மனைவி கஸ்தூரிக்கு ஊர் ஊத்துக்கோட்டை. இங்கே வந்த முதல் வாரமே அவள் சொல்லிவிட்டாள்: “இன்னாங்க ஊர் இது, ரோட்ல ஒரு மனுசனக் காணோம். ஷேர் ஆட்டோ இல்ல, டீக்கடை இல்ல. கார்ல ஏத்தினாதான் வெளிய. எறக்குனாதான் உள்ள. நாம இன்னா பார்சலா?”

பார்சல்தான். காலையில் மாத்திரை, பிறகு நடை, பிறகு பிரபு வேலைக்குப் போன வீட்டின் அமைதி. எனக்கு வயதைவிட அந்த அமைதிதான் ஆபத்தாகத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுவார்கள். பெற்றோர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவராக நிற்பவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அதனால் அந்த ஊரில் நடுவர் வேலைக்கு ஆள் கிடையாது. சம்பளமில்லாத வேலை, ஏச்சு மட்டும் இலவசம். நான் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். படித்தேன். அவர்கள் வைத்த தேர்வில் அவர்களுடைய வினாத்தாளிலேயே இருந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்டித் தேறினேன்.

உயரப் பந்துக்கு எத்தனை சைகை என்கிறீர்கள்! பிடித்துவிட்டால் கை முஷ்டியை மடக்கிக் காட்ட வேண்டும், அவுட். தரையில் பட்டுவிட்டால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வீச வேண்டும், பிடிக்கவில்லை என்று பொருள். கோட்டுக்கு வெளியே விழுந்தால் இரு கைகளும் மேலே. கோட்டுக்கு உள்ளே என்றால் வாய் திறக்கவே கூடாது, உள்பக்கம் விரலை நீட்டினால் போதும். வேலிக்கு அப்பால் போய்விட்டால் தலைக்கு மேலே விரலைச் சுழற்ற வேண்டும்.

இந்தக் கடைசிச் சைகைதான் எனக்குப் படியவில்லை. எங்கள் ஆலையில் விரலைச் சுழற்றினால் கிரேனுக்கு ‘மேலே தூக்கு’ என்று அர்த்தம். கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி வந்து பார்த்தாள்.

“யார தூக்கச் சொல்றீங்க? பீரோவயா?”

“இது ஹோம் ரன்.”

“இன்னா ரன்னோ. ஓடிப்போன பந்தக் கிரேன் வச்சி தூக்கறாரு எங்க ஊட்டுக்காரரு.”

ஆனால் அவள் ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்காருவாள். ஆங்கிலம் தெரியாது. ஆட்டமும் தெரியாது. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். கையைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள்.

3

அந்தச் சனிக்கிழமை நான் அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை நடுவர். முதல் பேஸில் ஒரு பையன், இரண்டாம் பேஸில் குதிரைவால் போட்ட ஒரு பெண். ஒருவர் அவுட். அடித்த பந்து செங்குத்தாக மேலே போய், இரண்டாம் பேஸுக்கு அருகில் நின்ற தடுப்பாளன் தலைக்கு நேராக இறங்கியது. அவன் நகரக்கூட வேண்டியதில்லை. விதியின் எல்லா நிபந்தனைகளும் பொருந்தின. விரலைத் தூக்கினேன். “இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட்” என்று கத்தினேன். நான் கத்தினால் உருட்டாலையின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். அது என் வாழ்நாள் பயிற்சி.

தடுப்பாளன் பந்தை நழுவவிட்டான். அதனால் ஒன்றும் இல்லை. அடித்தவர் ஏற்கெனவே அவுட். ஓட்டக்காரர்கள் நின்ற இடத்தில் நிற்கலாம். அந்த விதி இருப்பதே அவர்களுக்காகத்தான். இல்லாவிட்டால் கீழே நிற்பவன் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, பிடித்துவிடுவான் என்று நம்பி நின்றவர்களை ஏமாற்றி இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடுவான். நிற்கிறவனை ஏமாற்றாதே என்று ஒரு சட்டம். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த சட்டம் அது ஒன்றுதான்.

ஆனால் அடிக்கும் அணியின் பயிற்சியாளர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து விழுந்ததும் “ஓடு, ஓடு” என்று அலறினார். இரண்டாம் பேஸில் இருந்த பெண் ஓடினாள், பாதி வழியில் பந்தால் தொடப்பட்டாள். மூன்றாவது அவுட்; மூன்று ஆனால் அடிக்கும் முறை தீர்ந்தது. ஆட்டம் முடிந்தது, அவர் அணி தோற்றது.

அவர் தொப்பியைத் தரையில் அடித்தார். நடுவர் எதையும் அறிவிக்கவே இல்லை என்றார். விதிப்படி சொன்னதை மறுபடி சொன்னேன். உடனே வேறு பாட்டுக்குப் போனார்: சொன்னது என்னவென்று புரியவில்லை, இவர் பேசுவது யாருக்குமே புரிவதில்லை, இது பிள்ளைகளுக்கு நியாயமில்லை. நாற்காலிகளிலிருந்து சில தலைகள் ஆடின.

என் உச்சரிப்பு புரியவில்லையாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை? கைக்கு என்ன உச்சரிப்பு? ஒரு விரல் ஆகாயத்தைக் காட்டி நிற்கிறதே, அதில் எந்த எழுத்து கும்மிடிப்பூண்டி எழுத்து? வாய்ச்சொல் கேட்காத இடத்துக்காகத்தானே சைகையை வைத்தார்கள்? ஒரு மைதானம் முழுக்கக் கண்ணுள்ளவர்கள் உட்கார்ந்துகொண்டு, காது கேட்கவில்லை என்று மனு கொடுக்கிறார்கள்!

மறு வாரம் குழுவின் மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையான மின்னஞ்சல். என் சேவைக்கு நன்றி என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தில் முடிந்தது.

4

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆலையில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர் அவர். ஒப்பந்தத் தொழிலாளி. உலைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. கேட்டாலும் ஒரிசாக்காரருக்கு பீகார்க்காரர் பேச்சு புரியாது, இருவருக்கும் ஆந்திர எல்லைத் தடாக்காரர் தெலுங்கு புரியாது. அங்கே எல்லோருக்கும் பொதுவான மொழி ஏழுமலையின் கை. நான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லும் முதல் பாடம் இது: கிரேன் ஓட்டுகிறவர் சரக்கைப் பார்க்கக் கூடாது. சைகை காட்டுகிறவர் கையைத்தான் பார்க்க வேண்டும். சரக்கைப் பார்த்தால் கண் அதோடு போய்விடும். கீழே யார் நிற்கிறார்கள் என்பது கைக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது ஏழுமலை ‘நிறுத்து’ என்று இரு கைகளையும் வீசிக் காட்டினார். கட்டின் ஒரு முனைச் சங்கிலி நழுவியிருந்தது. பின்னாலிருந்து ஷிப்ட் மேலாளர், லாரி காத்திருக்கிறது என்று, “எறக்குய்யா, எறக்கு” என்று கத்தினார். ஓட்டுநர் அந்தக் குரலுக்குத் திரும்பினார், இறக்கினார். கட்டு சரிந்து ஏழுமலையின் இடது பாதத்தில் விழுந்தது.

பாதம் போயிற்று. விசாரணை நடந்தது. முடிவில் எழுதினார்கள்: ‘சைகையாளரின் சைகை தெளிவாக இல்லை.’ மேலாளரின் பெயர் அந்த அறிக்கையில் எங்குமே இல்லை. ஓட்டுநரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். நான் மறுப்பு எழுதினேன்: சைகை தெளிவாக இருந்தது, கத்தியவர் கத்தும் அதிகாரம் இல்லாதவர், விதி இது, மீறல் இது. தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒப்புகை அட்டை வந்தது. வாங்கிக்கொண்டோம் என்று சொல்வதில் அவர்களுக்குச் சலிப்பே கிடையாது.

ஏழுமலை இப்போது தொழிற்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நாஷ்டா கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசிக்கொள்வோம். இங்கே சனி மாலை. அங்கே விடிந்து இட்லிப் பானை ஏறியிருக்கும். என் பேஸ்பால் விவகாரத்தைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார்.

“அமெரிக்காவுலயும் அதே ஊசிப்போன சட்னிதானா சார்? நா இங்கத்தான்னு நெனச்சேன்.”

“விட மாட்டேன், ஏழுமலை.”

“நீங்க எங்க சார் உடுவீங்க. எங்க கேஸ்லயே எத்தினி தபாலு போட்டீங்கோ. போஸ்ட்மேன் பேஜாராயிட்டாரு.” தோசைக் கரண்டி கல்லில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. “ஆனா ஒண்ணு சார். அன்னிக்கி என் கை சரியாத்தான இருந்திச்சி?”

ஒவ்வொரு முறை பேசும்போதும் இதைக் கேட்பார். பாதத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கையைப் பற்றித்தான் கேட்பார்.

“சரியா இருந்துச்சு, ஏழுமலை. நான் பார்த்தேன்.”

“அது போதும் சார்” என்பார். போதவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

5

குழுவின் விதித்தொகுப்பில் மேல்முறையீட்டுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் குழுவில் யாரும் படித்ததில்லை என்பது என் முதல் கடிதத்துக்கு வந்த பதிலிலிருந்து தெரிந்தது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ கருத்து இல்லை ஐயா, மேல்முறையீடு. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை ஒரு தானியங்கிப் பதில், சிரிக்கும் பந்துப் படத்தோடு.

பிரபு சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தான். சின்ன வயதில் எங்கள் பக்க வழக்கப்படி என்னை ‘நைனா’ என்று கூப்பிட்டவன். சென்னைக் கல்லூரிக்குப் போனதும் ‘அப்பா’ ஆனேன். கோபம் வந்தால் இப்போது ‘டாட்’.

“டாட், இது வாலன்டியர் வேலை. ஒரு பந்து கீழ விழுந்தது, அவ்ளோதான். விட்டுடுங்க.”

“சம்பளம் வாங்காதவனுக்குப் பேர் கெட்டால் பரவாயில்லையா?”

“அந்தக் கோச்சோட வைஃப் என் ஆபீஸ் டீம்ல இருக்காங்க. தினம் முகம் பார்க்கணும்.”

“நீ அன்றைக்கு மைதானத்தில்தானே இருந்தாய். என் கையைப் பார்த்தாயா இல்லையா?”

தட்டைப் பார்த்துக்கொண்டு, “நான் பந்தைப் பார்த்துட்டிருந்தேன்” என்றான்.

கஸ்தூரி ரசத்தைக் கொண்டுவந்து ‘டக்’கென்று வைத்தாள். “எல்லாரும் பந்தப் பாத்துக்கினு இருந்தீங்கோ. நா ஒருத்திதான் இவுரு கையப் பாத்துக்கினு இருந்தேன். என்ன சாட்சிக்குக் கூப்டுங்க. வரேன்.”

பிரபு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்றிரவே சாட்சிப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்து அனுப்பினேன்.

6

விசாரணை ஊர் நூலகத்தின் ஓர் அறையில் நடந்தது. குழுவில் மூன்று பேர். தலைவி எங்களை வரவேற்று பிஸ்கட் கொடுத்தார். பயிற்சியாளர் வரவில்லை, வரமுடியாததற்கு வருத்தம் தெரிவித்திருந்தார். எதிர்வாதி வராத விசாரணையை எங்கள் ஆலையில் நான் நடத்தியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

கஸ்தூரிக்கு மொழிபெயர்க்கப் பிரபு வந்திருந்தான். அவள் எழுந்து, அன்று நான் செய்ததைச் செய்து காட்டினாள். வலக்கை நேராக மேலே, ஒரு விரல். அதோடு நிறுத்தவில்லை. கை முஷ்டியை மடக்கி அவுட், கைகளை வீசிப் ‘பிடிக்கவில்லை’, இரு கைகளையும் மேலே தூக்கி வெளிப்பந்து, விரலைச் சுழற்றி ஹோம் ரன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். புடவைத் தலைப்பு ஒவ்வொரு சைகைக்கும் பறந்தது. மூவரும் கைதட்டினார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். ‘எவ்வளவு அழகு’ என்றார் தலைவி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாட்சி சொல்ல வந்தவளை ஆண்டு விழா நடனமாக்கிவிட்டார்கள். உங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாத ஒருத்திக்கு என் சைகை எல்லாம் புரிந்திருக்கிறது, பிறகு எது தெளிவாக இல்லை என்று கேட்டேன். தலைவி வருத்தமான முகத்தோடு விளக்கினார்: சாட்சி குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆகவே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

அது சரியான விதி. நானே அப்படித்தான் தீர்ப்பு சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் எரிந்தது.

கஸ்தூரி உட்காரவில்லை. “நா ஊட்டுக்காரி, என்ன நம்ப வாணாம். ரெண்டாம் பேஸ்ல குதிரவால் போட்டுக்கினு நின்ன பொண்ணு, அது இவுரு வெரலப் பாத்துட்டு அப்டியே நின்னிச்சி. அந்தத் தொப்பிக்காரன் கத்தனதாலதான் ஓடிச்சி. புள்ளமேல தப்பு இல்ல, இவுரு மேலயும் தப்பு இல்ல. கத்தனவன் மேலதான் தப்பு.”

பிரபு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்: அந்த நேரத்தில் ஒருவேளை எல்லோருக்கும் சிறிது குழப்பம் இருந்திருக்கலாம் என்று அம்மா நினைக்கிறார்.

நான் மேஜையைத் தட்டினேன். “சாட்சி சொன்னதை அப்படியே சொல்.”

“அப்பா...”

“நீ இப்போது என் மகன் இல்லை, மொழிபெயர்ப்பாளர். அவள் சொன்னதில் குழப்பம் என்ற வார்த்தையே இல்லை. சொல்.”

கஸ்தூரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகம் சிவந்தது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, கத்தியவர் மேல்தான் தப்பு என்பது வரைக்கும், சொன்னான். அறையில் யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. பிள்ளைகளைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை என்பது குழுவின் கொள்கை என்றார் தலைவி. அப்படியானால் யாராவது எடுத்த வீடியோவைப் பாருங்கள் என்றேன். பாதிப் பெற்றோர் கைப்பேசியின் வழியாகத்தான் தங்கள் பிள்ளையையே பார்க்கிறார்கள். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

பிரபுதான் காரை ஓட்டினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, “அந்தப் பொண்ணு நின்னுது நைனா. நானும் பார்த்தேன்” என்றான்.

ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நைனா என்று கூப்பிட்டவனிடம் கேட்க முடியவில்லை.

7

பருவம் முடிந்தது. பிள்ளைகள் வேறு ஆட்டத்துக்குப் போனார்கள். இலைகள் விழுந்தன, மைதானத்தைப் பூட்டினார்கள். நான் நினைவூட்டல் அனுப்பினேன், சிரிக்கும் பந்து வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி பந்து.

பனி விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், வெளியே காற்றில் நிற்காது என்று கஸ்தூரி ஜன்னலோரம் உள்பக்கமாக அகல் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஒளிப்பதிவைப் பார்த்தார்களாம். இரண்டாம் பேஸில் இருந்தவர் நடுவரின் கையைப் பார்த்து நின்றது அதில் தெரிகிறதாம். ‘நடுவரின் சைகை தெளிவாக இருந்தது. முந்தைய குறிப்பு நீக்கப்படுகிறது.’ கடைசியில், வரும் பருவத்துக்கு முன் நான் விரும்பினால் உச்சரிப்புப் பயிற்சி ஒன்றில் இலவசமாகச் சேரலாம் என்றும் இருந்தது. அதற்கு நான் தனியாகப் பதில் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. அப்போதே ஏழுமலையைக் கூப்பிட்டேன். எண்ணெய் பொரியும் சத்தம், பேருந்து ஹாரன், யாரோ பொங்கல் கேட்கும் குரல்.

“ஏழுமலை, பதில் வந்துடுச்சு. சைகை தெளிவா இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.”

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை என்பது எனக்குக் கேட்டது.

“என் கையா சார்?”

“இல்ல, ஏழுமலை. என் கை.”

“ஓ” என்றார். “ஆமா இல்ல, அமெரிக்கா கேஸு.” பிறகு, “சந்தோசம் சார். ஒருத்தர் கையாவது ஒத்துக்கினாங்களே. இருங்க, ஆளு நிக்கிறாங்கோ” என்று வைத்துவிட்டார். அன்று தன் கையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

எந்தக் கோப்பையும் முடிக்கும்போது பதில் வந்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் குறிப்பது என் பழக்கம். இரண்டு வரி எழுதினேன்.

ஏழுமலை விவகாரம். பதில் வந்த தேதி: இல்லை.

என் விவகாரம். பதில் வந்த தேதி: கார்த்திகை தீபம்.